ஊசி குத்தியதை யாரிடம் சொல்வது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பயன்படுத்திய ஊசி தவறிக் குத்திவிடுவது என்ற ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் கேள்வி மின்னஞ்சலில் வந்தது. இதழ் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடிய கேள்வி அன்று என்பதால், எழுதியவருக்கு அன்றைக்கே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். இங்கே விரிவாக எழுதுவது அதே நிலையில் நாளை நிற்க நேரிடும் மற்றவர்களுக்காக.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். நேற்று இரவுப் பணியில், அதிகாலை மூன்று மணியளவில், காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒருவருக்கு இரத்தம் எடுத்துவிட்டு ஊசியின் மூடியைத் திரும்பப் போடும்போது, அது கையுறையைத் துளைத்து இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. விரலைப் பிதுக்கி இரத்தத்தை வெளியேற்றி, ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னால், "மூடி போடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்" என்பார். வீட்டில் கல்யாணப் பேச்சு நடப்பதால் அங்கேயும் வாய் திறக்க முடியவில்லை. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரியாது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத செவிலியர், மதுரை

பதில்: இன்றைக்கே சொல்ல வேண்டும், சகோதரி. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை ஊசி குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிகச் சிறந்தது. எப்படியும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு தொடங்கினால் பயன் இருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. உங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது, ஆனாலும் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் மருந்து இல்லையென்றால், கோரிப்பாளையத்தை அடுத்துள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பகலாக இருந்தால் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்கும் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்), இரவாக இருந்தால் அவசரப் பிரிவுக்கும் போய், நடந்ததை நடந்தபடியே, ஊசி குத்திய மணியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் செய்த முதலுதவியில் இரண்டு பிழைகள் உண்டு. அவை உங்கள் பிழைகள் மட்டுமல்ல, வார்டு வார்டாகக் கைமாறி வரும் பழக்கங்கள். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது; பிதுக்குவதால் கிருமி வெளியேறும் என்பதற்குச் சான்று இல்லை, திசு நசுங்கிப் புண்படுவதுதான் மிச்சம். ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் கரைசல், அயோடின் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். விரலை வாயில் வைத்துச் சப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதை ஒருபோதும் செய்யக் கூடாது. இரத்தம் கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீராலோ நார்மல் சலைன் என்ற உப்புநீராலோ சில நிமிடங்கள் நன்றாகக் கழுவ வேண்டும். அங்கே சோப்பு வேண்டாம்.

இனி, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அச்சத்துக்கு வருவோம். எச்.ஐ.வி. தொற்று உள்ள, சிகிச்சை எடுத்துக்கொள்ளாத ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, அதாவது அப்படிப்பட்ட ஆயிரம் குத்தல்களில் மூன்று. உங்கள் நோயாளிக்குத் தொற்று இருக்கிறது என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ஆழமாகக் குத்தியிருத்தல், ஊசியில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் இருத்தல், இரத்தக் குழாய்க்குள் நேராகச் சென்று வந்த ஊசியாக இருத்தல், நோயாளி நோயின் முற்றிய நிலையில் இருத்தல் ஆகிய நான்கும் ஆபத்தைக் கூட்டுபவை என்று 1997 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்நாளில் கிடைத்த சிடோவுடின் என்ற ஒற்றை மருந்தே தொற்றின் வாய்ப்பை ஏறத்தாழ 81 விழுக்காடு குறைத்தது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. இரத்தம் எடுத்த ஊசி என்பதால் உங்கள் காயத்தை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது, அதற்காக இடிந்துபோய் உட்காரவும் தேவையில்லை.

இப்போது தரப்படுவது டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளொன்றுக்கு ஒன்று வீதம் 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். நோயாளியின் பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. அவருக்குத் தொற்று இல்லை என்று பிறகு உறுதியானால் நிறுத்திவிடலாம். பலருக்குக் குமட்டலும் தலைவலியும் தூக்கக் குறைவும் முதல் வாரத்தில் இருக்கும், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோ அசிடிட்டிக்கான மருந்தோ சாப்பிடும் பழக்கமிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அவை டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

மருந்து தொடங்கும் அன்றே உங்களுக்கு எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனையும், சிறுநீரகம், கல்லீரல் இவற்றின் நிலையை அறியும் பரிசோதனையும் செய்வார்கள். ‘என்மேல் சந்தேகமா?’ என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி குத்திய நாளில் உங்களுக்கு எந்தத் தொற்றும் இல்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. பிற்பாடு ஏதேனும் நேர்ந்தால், அது பணியினால் வந்தது என்று நிறுவ அதைவிட வலுவான ஆவணம் வேறில்லை. அதன் பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் எனப் பரிசோதனைகள் இருக்கும். அதுவரை இரத்த தானம் செய்யாதிருப்பதும், மணமானவர்கள் ஆணுறை பயன்படுத்துவதும் நல்லது. கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

நோயாளியைப் பரிசோதிப்பதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே எடுத்த இரத்தக் குப்பி ஆய்வகத்தில்தானே இருக்கிறது, சத்தமில்லாமல் ஒரு ரேபிட் டெஸ்ட் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். "எங்கள் சிஸ்டருக்கு உங்களுக்குப் போட்ட ஊசி குத்திவிட்டது, அவருக்கு மருந்து தொடர்வதா என்று முடிவு செய்ய உங்கள் உதவி வேண்டும்" என்று மருத்துவர் பக்குவமாகக் கேட்டால் மறுப்பவர்கள் மிகக் குறைவு.

இன்சார்ஜ் சொல்லப் போகும் சொல்லைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மூடியைத் திரும்பப் போடுவது தவறான பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு செவிலியர் வலது கையில் ஊசியும் இடது கையில் மூடியுமாக நிற்கிறார் என்றால், ஊசியைப் போடும் டப்பா அப்போது எங்கே இருந்தது என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலான வார்டுகளில் அது நர்ஸ் ஸ்டேஷன் மேசைக்கடியில் இருக்கும். படுக்கைக்கும் அதற்கும் இடையே இருபது அடி தூரம், வழியில் தரையில் படுத்திருக்கும் நோயாளியின் உறவினர்கள், பாதி அணைக்கப்பட்ட விளக்கு. அந்த இருபது அடியைத் திறந்த ஊசியுடன் கடக்க அஞ்சித்தான் மூடியைப் போடுகிறார்கள். டப்பாவைப் படுக்கையருகே கொண்டுவராத நிர்வாகம், குத்துப்பட்டவரைக் கவனக்குறைவானவர் என்று கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. அப்படிக் கடிந்துகொள்ளும் வார்டில் நடக்கும் ஒரே மாற்றம், அடுத்தவர் சொல்லாமல் மறைப்பதுதான்.

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு சிறிய ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எல்லோரும் எச்.ஐ.வி.யைப் பற்றியே பேசுகிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி படிக்கும்போது போட்ட ஞாபகம். மூன்று தவணையும் முடித்தேனா என்பது நினைவில்லை. திரும்பப் போட வேண்டுமா?
— லேப் டெக்னீஷியன், மேலூர்

பதில்: உண்மையில் நாம் அதிகம் அஞ்ச வேண்டிய கிருமியைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தடுப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு, நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை இருக்கும். எச்.ஐ.வி.யோடு ஒப்பிட்டால் குறைந்தது இருபது மடங்கு. உலர்ந்த இரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக் கூடும் என்பதால், முந்தாநாள் சிந்தித் துடைக்காமல் விட்ட ஒரு துளியையும் அலட்சியப்படுத்த முடியாது.

இத்தனை வீரியமுள்ள கிருமியைத் தடுக்க, நல்ல வேளையாக, நம்மிடம் தடுப்பூசி இருக்கிறது. முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மூன்றாவது முடிந்த ஒன்றிரண்டு மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் காப்பு கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாம். நமது ஊர்களில் ஊசியைப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், இந்த அளவைப் பார்ப்பவர்கள் அரிது. போட்டவர்களில் ஒரு சிலருக்கு எதிர்ப்பொருள் உருவாவதே இல்லை என்பதால், பார்க்காமல் விட்டால் காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டே காப்பில்லாமல் இருப்பார்கள்.

தவணை நினைவில்லை, சீட்டும் கையில் இல்லை என்றால் போடாதவராகவே கருதிக்கொண்டு முழுவதையும் போட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாகப் போட்டதால் கெடுதல் ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது 2011 இல்தான் என்பதால், இன்று வேலை பார்க்கும் வயதில் உள்ளவர்களில் பலர் சிறுவயதில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள். செலவைப் பற்றித் தயங்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்கள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் போடுவதையும், வேலையில் சேரும்போதும் அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல்நலப் பரிசோதனை செய்வதையும் நிறுவனத்தின் கடமையாக்கியிருக்கின்றன. உங்கள் ஆய்வகம் சிறியது என்பதற்காக அந்தக் கடமை சிறியதாகிவிடாது.

தடுப்பூசி போடாத நிலையில் குத்துப்பட்டால், இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டு, அதே வேளையில் தடுப்பூசியையும் மற்றொரு கையில் தொடங்க வேண்டும். ஏழு நாட்களுக்குப் பிறகு இம்யூனோகுளோபுலினால் பயன் உண்டா என்பது ஐயம். அந்த ஊசி விலை கூடியது, எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டவருக்கு இந்த அலைச்சல் இல்லை.

கேள்வி: என் அம்மா ஒரு மருத்துவமனையில் ஏஜென்சி மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். சாப்பாட்டுக் குப்பை போடும் கறுப்புப் பையைக் கட்டித் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி உள்ளங்கையில் குத்திவிட்டது. சூப்பர்வைசர், "கையுறை போட்டிருந்தால் குத்தியிருக்காது, நீ ஏஜென்சி ஆள், ஆஸ்பத்திரி பொறுப்பில்லை" என்று சொல்லி ஒரு டி.டி. ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார். யாருடைய ஊசி என்பதே தெரியாதபோது என்ன சிகிச்சை எடுப்பது?
— ஒரு மகன், உசிலம்பட்டி

பதில்: சூப்பர்வைசர் சொன்னவற்றில் எதுவும் சரியில்லை. துப்புரவுப் பணியாளர்களுக்குத் தரப்படும் மெல்லிய ரப்பர் கையுறையை எந்த ஊசியும் துளைத்துவிடும். குத்தும்போது ஊசியின் மேலுள்ள இரத்தத்தில் ஒரு பங்கைத் துடைத்தெடுக்கும் என்பதே கையுறையின் பயன். அதற்காகவேனும் தடித்த கையுறையைக் கட்டாயம் தர வேண்டும். ஆனால் குற்றம் நடந்த இடம் உங்கள் அம்மாவின் கை இல்லை, அந்தக் கறுப்புப் பை. ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவிலும், கண்ணாடிக் குப்பிகள் நீல நிறத்திலும், ஊசி நீக்கிய சிரிஞ்சும் டியூபுகளும் சிவப்பிலும், இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சளிலும் போக வேண்டும் என்பது 2016 விதி. உணவு மிச்சம் போகும் பையில் ஊசி கிடந்ததென்றால், யாரோ ஒரு மருத்துவரோ செவிலியரோ அதைக் கிட்னி ட்ரே என்ற தட்டிலிருந்து பஞ்சோடு பஞ்சாகக் கொட்டியிருக்கிறார். போட்டவருக்கு ஒரு நொடி மிச்சம், தூக்கியவருக்கு ஆறு மாதக் கவலை.

யாருடைய ஊசி என்று தெரியாதபோது, அந்த வார்டில் எத்தகைய நோயாளிகள் இருந்தார்கள், ஊசியில் இரத்தம் ஈரமாக இருந்ததா, எவ்வளவு ஆழம் இறங்கியது என்பவற்றைக் கேட்டு மருத்துவர் முடிவெடுப்பார். குத்திய ஊசியையே எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கச் சொல்வது வீண்வேலை, இன்னொருவருக்கும் குத்தும். எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே விரைவில் வலுவிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி அப்படியன்று. ஆகவே அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்து, இல்லையென்றால் உடனே தொடங்கச் செய்யுங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் அங்குள்ள நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகவே கிடைக்கும். 72 மணி நேரக் கணக்கு அவருக்கும் பொருந்தும்.

"ஏஜென்சி ஆள்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2017 இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின் 19 ஆவது பிரிவு, மருத்துவ நிறுவனத்தில் பணிபுரியும் அனைவருக்கும் பாதுகாப்புச் சாதனங்களையும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியையும், குத்துப்பட்டால் தடுப்பு மருந்தையும் தர வேண்டும் என்கிறது. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று அது பார்க்கவில்லை. அதே சட்டத்தின்படி, இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள மருத்துவ நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் யார் என்று மருத்துவமனையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

அம்மாவின் சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஈ.எஸ்.ஐ. என்ற பெயரில் 0.75 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், இந்தக் காயம் பணியின்போது ஏற்பட்ட காயமாக விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். மருத்துவமனை, ஆய்வக வேலைகளில் தொற்றும் நோய்கள் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும், ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கென இருந்த 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தன; இவ்விரு சட்டங்களும் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டன. ஏஜென்சிக்காரர் பதிவு செய்ய மறுத்தால், தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லால் சொன்ன எதுவும் மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி: நோயாளிக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையால் எழுதிவிட்டால், அல்லது படுக்கையில் ஒரு அடையாளம் வைத்தால், நாங்கள் அவரிடம் மட்டுமாவது கவனமாக இருக்கலாமே?
— நர்சிங் மாணவி, மதுரை

பதில்: கூடாது. மேலே சொன்ன சட்டத்தின் 8 ஆவது பிரிவு ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. சிகிச்சை அளிப்பவர்கள் தங்களுக்குள் தெரிந்துகொள்வது வேறு, வார்டு பாயும் பார்வையாளர்களும் படிக்கும்படி எழுதி மாட்டுவது வேறு.

சட்டத்தை விட்டுவிட்டாலும் உங்கள் யோசனை உங்களைக் காக்காது. தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் பரிசோதனையில் தெரியாமலே போகலாம், பெரும்பாலானோர் பரிசோதித்துக்கொண்டதே இல்லை. சிவப்பு மை இல்லாத நோயாளியிடம் நீங்கள் தளர்ந்துவிடுவீர்கள், ஆபத்து அங்கேதான் இருக்கும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு இரத்தத்தில் கிருமி அளவு மிகக் குறைந்துவிட்ட ஓர் எச்.ஐ.வி. நோயாளியைவிட, தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதே தெரியாத பக்கத்துப் படுக்கைக்காரரின் ஊசி உங்களுக்கு அதிக ஆபத்தானது. எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்ற முறை 1980களின் நடுவில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: திருமங்கலத்தில் இருபது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடத்துகிறேன். பயன்படுத்தியதும் முனை மறைந்துகொள்ளும் பாதுகாப்பு ஊசிகள் விலை கூடியவை. பெரிய செலவில்லாமல் ஊசிக் காயங்களைக் குறைக்க வழியுண்டா? குத்துப்பட்டவர்கள் சொல்ல மறுக்கிறார்கள் என்பதும் என் அனுபவம்.
— மருத்துவர், திருமங்கலம்

பதில்: தங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், டாக்டர். சொன்னவரிடம் விளக்கக் கடிதம் கேட்கும் வழக்கம் தங்கள் மருத்துவமனையில் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒரு பதிவேடு வையுங்கள். யார் என்பதைவிட, எந்த ஊசி, எந்த இடம், எத்தனை மணி, எந்தச் செயலின்போது என்பவற்றை அதில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் புரட்டினால், இரவில் இத்தனை, வென்ஃபிளான் (மருந்து ஏற்றுவதற்காக இரத்தக் குழாயில் செருகும் ஊசி) எடுக்கும்போது இத்தனை, ஓ.டி.யில் (அறுவை அரங்கில்) தையல் ஊசி கைமாறும்போது இத்தனை என்று உங்கள் மருத்துவமனையே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். ஊசிக் காயங்களைக் கழிவு மேலாண்மை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுக்கு உண்டு. ஆண்டுதோறும் பூஜ்யம் என்று எழுதப்படும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

செலவில்லாத முதல் வேலை, ஊசி டப்பாவை ஊசி போடும் இடத்துக்குக் கொண்டுபோவது. டிராலியில் கை நீட்டும் தூரத்தில், கண் மட்டத்துக்குக் கீழே அது இருக்க வேண்டும். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி அகற்றிவிட வேண்டும். நிரம்பிய டப்பாவுக்குள் விரலால் அழுத்தித் திணிக்கும்போது பட்ட காயங்கள் ஏராளம். ஊசியை வெட்டும் நீடில் கட்டர் ஒன்று வார்டில் இருந்தால் போதாது, அது வேலை செய்ய வேண்டும், பிளேடு மழுங்கியதும் மாற்ற வேண்டும். மூடியைத் திரும்பப் போட்டே ஆக வேண்டிய நிலை, உதாரணமாக மருந்தை இரு முறையாகப் பிரித்துப் போடும்போது, வந்தால், மூடியை ட்ரேயில் படுக்க வைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்துத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். மற்றொரு கை அருகிலேயே வரக் கூடாது. ஓ.டி.யில் கத்தியையும் ஊசியையும் கையிலிருந்து கைக்குத் தராமல், நடுவே ஒரு கிட்னி ட்ரேயை வைத்து அதில் ஒருவர் வைக்க மற்றவர் எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். தையல் போடும்போது இரட்டைக் கையுறை அணியலாம்.

விலையைப் பற்றி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் பாதுகாப்பு ஊசியாக மாற்ற வேண்டியதில்லை. இரத்தக் குழாய்க்குள் செல்லும் ஊசிகள்தான் மிக ஆபத்தானவை என்பதால், வென்ஃபிளானையும் இரத்தம் எடுக்கும் ஊசியையும் மட்டும் முதலில் மாற்றுங்கள். தசையில் போடும் ஊசி பிறகு வரட்டும். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு தனிச் சட்டம் போட்டுத்தான் பாதுகாப்பு ஊசிகளைக் கட்டாயமாக்கினார்கள். அங்கேயும் நிர்வாகங்கள் விலையைத்தான் முதலில் காரணம் காட்டின. 28 நாள் மருந்து, பரிசோதனைகள், ஒரு செவிலியரின் விடுப்பு, அவர் மனம் உடைந்து வேலையை விட்டுப் போனால் வரும் இழப்பு இவற்றையும் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

இரவில் குத்துப்பட்டவர் மதுரைக்கு ஓட வேண்டியிராதபடி, முதல் சில நாட்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளை மருத்துவமனையிலேயே வைத்திருங்கள். சாவி மருந்தகரிடம் இருந்து, அவர் காலை ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றால் வைத்திருந்தும் பயனில்லை. டியூட்டி டாக்டர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். காலாவதித் தேதியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். ஹெபடைடிஸ் சி உள்ள ஒருவரின் ஊசி குத்திவிட்டது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, தடுப்பு மருந்தும் இல்லை என்கிறார்களே?
— டயாலிசிஸ் டெக்னீஷியன், மதுரை

பதில்: இல்லை என்பது உண்மை, ஆனால் கவலைப்பட அவ்வளவு காரணமும் இல்லை. தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அண்மை ஆய்வுகள் அதைவிடவும் மிகக் குறைவு என்றே காட்டுகின்றன. இன்று ஒரு பரிசோதனையும், மூன்றிலிருந்து ஆறு வாரங்களுக்குள் கிருமியின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை நேரடியாகக் காணும் பரிசோதனையும், நான்கிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மற்றொரு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒருவேளை தொற்றியிருந்தாலும், பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிவிடுகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படுகிறது. அதே நோயாளிக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பியும் இருக்கின்றனவா என்று பார்க்கும்படி கேட்க மறவாதீர்கள்.

கேள்வி: மாமியாருக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறேன். போட்ட பின் மூடும்போது இரண்டு முறை என் விரலில் குத்திவிட்டது. ஊசிகளைக் குப்பைத் தொட்டியில்தான் போட்டுவருகிறோம். வீட்டு ஊசிக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?
— இல்லத்தரசி, செல்லூர்

பதில்: பார்க்க வேண்டும், அம்மா. மாமியாருக்கு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளை ஒரு முறை செய்துவிடுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளி என்பதால் பல ஆண்டுகளாகப் பல இடங்களில் ஊசி போட்டிருப்பார். நீங்களும் பரிசோதித்துக்கொண்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்பவர் மூடுவதால் பிறருக்குத் தொற்று வராது, ஆனால் வேறொருவருக்குப் போடும் நீங்கள் மூடவே வேண்டாம். அவருக்குக் கை நடுக்கமும் பார்வைக் குறையும் இல்லையென்றால், அவரையே போட்டுக்கொள்ளப் பழக்குவதும் ஒரு வழி. சர்க்கரை பார்க்கும் லான்செட் ஊசிக்கும் இதே கவனம் வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை வீட்டில் வேறு யாருக்கும் குத்திப் பார்க்கக் கூடாது.

சோப்புத் திரவம் வந்த தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ‘ஊசி – திறக்காதீர்கள்’ என்று மேலே எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி துளைத்துவிடும். இன்சுலின் சிரிஞ்சை அப்படியே முழுதாக அதில் போடுங்கள். பேனா வகையாக இருந்தால், ஊசியோடு வரும் பெரிய வெளிமூடியைத் தரையில் நிறுத்திப் பொருத்தித் திருகிக் கழற்றிப் போடுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, மாமியாருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வாங்காவிட்டால், வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கையில் கொடுங்கள். மக்கும் குப்பையோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.